தவணை முடிந்த இடம் காலியாகவே இருக்கட்டும்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரு மகள். வீட்டுக் கடன் வாங்கிச் சொந்த வீட்டுக்கு வந்து 4 வருடம் ஆகிறது, 800 சதுர அடி. வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக வாங்கினோம், எல்லாமே மாதத் தவணையில். டிவி தவணை முடிந்த மாதமே பழைய சோபாவை மாற்றினோம். ஆனாலும் வீடு நெரிசலாகவே இருக்கிறது. சாமான் போட்டு வைக்கும் பெட்டிகளை மட்டும் மூன்று தடவை வாங்கிவிட்டேன். ஓர் அறை முழுக்க நாத்தனாரின் சாமான்கள். வேறு ஊருக்கு மாறும்போது ‘கொஞ்ச நாள் இருக்கட்டும்’ என்று வைத்துவிட்டுப் போனார், 3 வருடம் ஆகிவிட்டது. மகளுக்கு உட்கார்ந்து படிக்க இடம் இல்லை. என் தங்கை கணவர் உள் அலங்கார வேலை எடுத்துச் செய்பவர். வீட்டுக் கடன் மேலேயே டாப்-அப், அதாவது கூடுதல் கடன் வாங்கி, பழைய தவணைகளை அடைத்துவிட்டு, முழு வீட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம், மாதம் கட்டுவதும் குறையும் என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. சேமிப்பு என்று எதுவும் இல்லை. வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: டாப்-அப் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரியாவது நீங்கள் தூங்க வேண்டும்.

செலவைக் குறித்து வையுங்கள், பட்ஜெட் போடுங்கள் என்றெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய கணக்கு எனக்கு வருகிற பல கணக்குகளைவிடத் தெளிவாக இருக்கிறது. உங்கள் இருவரின் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டு அதைச் சுருக்கிப் பார்த்தேன். வீட்டுக் கடன் 32. வீட்டுச் செலவு, பள்ளிக்கூடம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 45. அப்புறம் சோபா 4, கட்டில் 3, அலமாரி 5, மெத்தை 3, கிரெடிட் கார்டுக்கு 3. இந்தச் சின்னத் தவணைகள் மட்டும் 18. மிச்சம் 5. அந்த 5 எங்கே போகிறதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிகளும் திரைச்சீலைகளும் குஷன்களும் என்று உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

இதில் எந்த ஒரு பொருளையும் நான் குறை சொல்ல மாட்டேன். கட்டில் வேண்டும், அலமாரியும் வேண்டும். என்னை நிறுத்தியது ‘டிவி தவணை முடிந்த மாதமே சோபாவை மாற்றினோம்’ என்ற ஒற்றை வரிதான். ஒரு தவணை முடிந்தால் அந்தத் தொகை உங்கள் கைக்குத் திரும்பி வரவேண்டும். உங்கள் வீட்டில் அது வருவதே இல்லை. தவணை முடிந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் ‘இவ்வளவு நாள் கட்டினோமே, இதையும் கட்டிவிடலாம்’ என்று அடுத்த பொருள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 4 வருடமாக ஏறக்குறைய இதே 18 போய்க்கொண்டிருப்பதாக உங்கள் கணக்கு சொல்கிறது. 48 மாதம், மாதம் 18 என்றால் 864. எட்டரை மாத வருமானம். சம்பளம் உயராத வீட்டில் இது நடந்திருந்தால்கூட எனக்குப் புரியும். உங்கள் சம்பளம் இந்த 4 வருடத்தில் உயர்ந்திருக்கிறது, தவணையும் கூடவே உயர்ந்து அதே பங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சோபாவை ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதே கடையில் முழுப் பணமும் கொடுத்திருந்தால் 10 சதவீதம் தள்ளுபடி கிடைத்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், சோபாவுக்குக் கடை சொன்ன விலையை இங்கே 100 என்று வைத்துக்கொண்டால், அதன் உண்மையான விலை 100 இல்லை, 90. 90-ஐக் கடனாக வாங்கி, மாதம் 8.33 வீதம் 12 மாதத்தில் 100 கட்டுகிறீர்கள். கடன் ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வட்டி கிட்டத்தட்ட 20 சதவீதம். வாங்கும்போது பிராசஸிங் கட்டணம் என்று ஒரு 2 பிடித்திருந்தால் 24 சதவீதம். அலமாரிக்கு ‘12 சதவீதம் ஃபிளாட்’ என்றார்களாம். ஓராண்டுத் தவணைக்கு அது நிஜத்தில் 21 சதவீதத்தைத் தாண்டும், ஏனென்றால் கட்டி முடித்த பகுதிக்கும் கடைசி மாதம் வரை வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த விகிதத்தில், நீங்கள் கட்டிய 864-இல் 80-க்கு மேல் வட்டியாகவும் இழந்த தள்ளுபடியாகவும்தான் போயிருக்கும். ஒரு மாத வருமானத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போது உங்களிடம் இல்லாத சேமிப்பின் தொடக்கம் அது.

சரி, தங்கை கணவரின் யோசனைக்கு வருவோம். பழைய தவணைகளில் பாக்கி 110, புது வேலைக்கு 1,090, மொத்தம் 1,200 டாப்-அப். 9 சதவீத வட்டி, 15 வருடம். மாதம் 12 சொச்சம் வரும். 18 கட்டுகிற இடத்தில் 12 என்றால் குறைவுதானே என்கிறார். அந்த அளவில் அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் இன்றைய 18 அடுத்த 10 மாதத்துக்குள் தானாகவே தீர்ந்துவிடும். அந்த 12 தீர 180 மாதம் ஆகும். 1,200 வாங்கி 2,190 கட்டுவீர்கள். வட்டி மட்டும் ஏறக்குறைய 10 மாத வருமானம். உங்களுக்கு 38 வயது என்கிறீர்கள். கடைசித் தவணை கட்டும்போது 53. இன்று போடுகிற லேமினேட்டும் கீல்களும் அதுவரை இருக்குமா என்று அவரிடமே கேளுங்கள், தொழில் தெரிந்தவர், நேர்மையாகச் சொல்லுவார். எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. மாதம் 6 மிச்சமாகும் என்கிறாரே, அந்தக் காலி இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று உங்கள் 4 வருடக் கணக்கே சொல்கிறது.

முழு வீட்டு உள் அலங்காரத் திட்டங்கள் இப்போது எங்கே பார்த்தாலும் கடன் வசதியோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை குறைவு. ஃபால்ஸ் சீலிங் போட்டால் கூரை பெரும்பாலும் அரை அடி கீழே இறங்கும். நெரிசல் என்று புலம்புகிற வீட்டில் அதை ஏன் செய்ய வேண்டும்? சுவரோடு அடித்த அலமாரியை நகர்த்த முடியாது, விற்க முடியாது. மலிவாக முடிக்கப் பார்ட்டிகிள் போர்டு என்ற மரத்தூள் பலகை போட்டால், தண்ணீர் பட்ட இடம் ஊதிக்கொள்ளும். மாடுலர் கிச்சன் என்று இன்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதன் முன்னோடி 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில், குறைந்த வருமானக்காரர்களின் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்கக் கை எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. பளபளப்பைக் கடன் வாங்கிப் போடலாம், அந்த அளவெடுக்கும் வேலையை வீட்டில் இருப்பவர்தான் செய்தாக வேண்டும். அதற்குச் செலவே இல்லை.

நாத்தனாரின் அறையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அங்கேதான் நெடுநேரம் நின்றேன். 10-க்கு 10 அறை என்கிறீர்கள். 800 சதுர அடியில் 100, எட்டில் ஒரு பங்கு. வீட்டுக் கடனுக்கு மாதம் 32 கட்டுகிறீர்கள் என்றால், அதில் 4 அந்த அறைக்கு. சோபாத் தவணையும் அதே 4 தான். 3 வருடத்தில் 144, அதாவது ஒன்றரை மாத வருமானத்தை அவர் சாமான்களுக்கு வாடகையாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதே மூன்று வருடமும் உங்கள் சாமான்களுக்கு இடமில்லை என்று பெட்டிமேல் பெட்டியாக வாங்கினீர்கள். மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிக்கிறாள். வீட்டை விரிவாக்க டாப்-அப் தேவையில்லை, அந்த ஓர் அறை திரும்பக் கிடைத்தாலே 100 சதுர அடி கூடிவிடும்.

இதைக் கேட்பது சங்கடம் என்று தெரியும். ஆனால் அவருக்கும் அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறதென்று மறந்துபோயிருக்கும். உங்கள் கணவர் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம், அவருடைய அக்கா. ‘அக்கா, பாப்பாவுக்குப் படிக்க அந்த அறை வேண்டியிருக்கு. இரண்டு மாசத்துக்குள்ள வந்து வேண்டியதை எடுத்துக்க, வேண்டாததைக் கொடுத்துடலாம். வர முடியலைன்னா நானே பிரிச்சு வீடியோவுல காட்டறேன்’ என்று சொன்னால் போதும். தேதி சொல்லிக் கேட்க வேண்டும். தேதி இல்லாமல் கேட்டால் இன்னொரு ‘கொஞ்ச நாள்’ வரும். லாரி வைத்து அனுப்பும் செலவை நீங்களே ஏற்றாலும் உங்களுக்கு லாபம்தான்.

தவணைகளைப் பொறுத்தவரை, கார்டில் பாக்கி 13 இருக்கிறது. வட்டி மற்ற எல்லாவற்றையும்விட அங்கேதான் அதிகம், அதனால் மாதம் 3 கட்டுவதோடு கையில் மிஞ்சும் 5-ஐயும் அங்கேயே போடுங்கள். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு ஒரு கொக்கிகூட வாங்காதீர்கள். கார்டு முடிந்ததும் அதன் 3, மூன்று மாதத்தில் சோபாவின் 4, ஐந்தில் கட்டிலின் 3, எட்டில் அலமாரியின் 5, பத்தில் மெத்தையின் 3 விடுபடும். ஒவ்வொன்று விடுபடும்போதும் அதே தேதியில் அதே தொகை வேறொரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். அந்தக் கணக்குக்கு அட்டை வேண்டாம், போனில் செயலியும் வேண்டாம். தவணை கட்டுகிற பழக்கம் உங்களுக்கு நன்றாகவே இருக்கிறது, 4 வருடத்தில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. அதை அப்படியே தொடருங்கள், வாங்கிக்கொள்கிற ஆள் மட்டும் மாறட்டும்.

கூட்டிப் பார்த்தால் முதல் ஆண்டில் அந்தக் கணக்கில் 113 சேரும். முழுக்க அவசரத்துக்கு, தொடக் கூடாது. இரண்டாம் ஆண்டில் மாதம் 18 வரும், அதில் 10 அவசரத்துக்கு, 8 வீட்டுக்கு. ஆண்டு முடிவில் அவசரப் பணம் 233. வீட்டுச் செலவும் வீட்டுக் கடனும் சேர்ந்து மாதம் 77 என்பதால், ஒருவருக்கும் சம்பளம் வராவிட்டாலும் மூன்று மாதம் ஓட்டலாம். வீட்டுக்கென்று தனியாக 96 இருக்கும். ஒரு மாத வருமானம், ரொக்கமாக, 10 சதவீதத் தள்ளுபடி கேட்கிற உரிமையோடு.

அதுவரை வீடு இப்படியே கிடக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. கார்டு முடிந்த பிறகு மிஞ்சும் அந்த மாதம் 5 உங்களுடையது, 10 மாதத்துக்கு 50. முதலில் மகளுக்கு ஒரு மேசையும் நல்ல விளக்கும். அதற்குப் பிறகு வரவேற்பறையின் வெள்ளை விளக்கை மாற்றிவிட்டு, 2,700 முதல் 3,000 கெல்வின் என்று போட்டிருக்கும் இளமஞ்சள் எல்இடி பல்புகளை இரண்டு மூன்று இடங்களில் வெவ்வேறு உயரத்தில் வையுங்கள். மாலையில் அந்த அறை வேறு அறையாகத் தெரியும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மாற்றம் தருகிற வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை. நடக்கிற வழி 3 அடி அகலம் இருக்கிறதா, சோபாவுக்கும் முன்னால் உள்ள டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். இனி பெரிய சாமான் எது வாங்குவதானாலும், அதன் நீள அகலத்தைத் தரையில் ஒட்டும் நாடாவால் குறித்துவிட்டு ஒரு வாரம் அதைச் சுற்றி நடமாடுங்கள். இடிக்கிறதா என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். பெட்டி வாங்குவது மட்டும் கூடவே கூடாது. பெட்டி, எடுக்காத சாமானுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. ஒரு வருடமாகத் திறக்காத பெட்டியை முதலில் காலி செய்யுங்கள், அப்புறம் பாருங்கள், அந்தப் பெட்டியே மிச்சமாகும்.

தங்கை கணவருக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். ‘கடன் வாங்கிச் செய்வதாக இல்லை, இரண்டு வருடம் கழித்துக் கையில் உள்ள பணத்தில் ஒரு வேலை மட்டும் செய்வோம், அதை நீங்கள்தான் செய்து தர வேண்டும்.’ எதைச் செய்வது என்று அப்போது முடிவு செய்யலாம், சமையலறை அடுக்குகளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உறவு என்பதற்காகக் காகிதத்தை விட்டுவிடாதீர்கள். எந்தப் பலகை, என்ன தடிமன், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டிருக்கிறார், அது வேண்டாம். வேலை நடக்க நடக்கக் கொடுங்கள், கடைசிப் பத்தில் ஒரு பங்கை எல்லா இழுப்பறையும் ஒழுங்காகத் திறந்து மூடிய பிறகு கொடுங்கள். வெளியாள் என்றால் தாமதமானால் சண்டை போட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தங்கை வீட்டில் போய் அப்படிக் கேட்க உங்களால் முடியாது. அவருக்கும் தர்மசங்கடம், தங்கைக்கும் தர்மசங்கடம்.

இன்னும் மூன்று மாதத்தில் சோபாத் தவணை முடிகிறது. அந்த மாதம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த 4 எங்கே போனது என்று மட்டும் சொன்னால் போதும்.