பல மொழிகள் அறிந்த குஜராத்தி எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அறிமுகப்படுத்துங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

மகாதேவ தேசாயைச் சொல்வேன்.

"காந்தியின் செயலாளர்தானே?" என்று உடனே கேட்பீர்கள். அவரேதான். 1917 முதல் 1942 வரை இருபத்தைந்து ஆண்டுகள் காந்தியின் நிழலாக இருந்தவர். அந்த ஒரு அடையாளம் அவருடைய எழுத்தை முழுவதுமாக மூடிவிட்டது என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் அகமதாபாத் மணிநகரில் பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் குஜராத்தி. பிழைப்பும் மொழிபெயர்ப்புதான். சொத்துப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், நீதிமன்றத் தாள்கள் என்று குஜராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றித் தருகிறேன். தஸ்தாவேஜுக்கு இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சொல் என்பதால் சில நாட்கள் வேலை சுலபம். பல நாட்கள் அப்படி இருப்பதில்லை.

காந்தியின் தன்வரலாற்றை முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தேன். பிறகு ஒரு நாள் இங்குள்ள குஜராத் வித்யாபீடப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் நவஜீவன் அச்சகத்தின் புத்தகக் கடையில் குஜராத்தி மூலத்தை வாங்கி வந்தேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அந்த இரவில்தான் மகாதேவ தேசாய் என்ற எழுத்தாளரைக் கண்டுகொண்டேன். அந்த ஆங்கிலம் முக்கால் பங்குக்கும் மேல் அவருடையது.

முன்னுரையில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாகத் தான் எதைத் தேடுகிறேன் என்று காந்தி சொல்லும் இடம். குஜராத்தியில் 'ஜங்க்கனா' என்ற சொல்லைப் போடுகிறார். நம்முடைய ஏக்கம்தான் அது. எதற்கான ஏக்கம் என்பதை மூன்று சொற்களில் சொல்கிறார்: ஆத்மதர்ஷன், ஈஸ்வரனின் சாக்ஷாத்கார், மோக்ஷ. தமிழருக்கு இதில் எதுவும் அந்நியமில்லை. ஆன்ம தரிசனம், சாட்சாத்காரம், மோட்சம் எல்லாமே நம் வீட்டுத் திண்ணையில் புழங்கிய சொற்கள். ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது?

முதல் சொல்லுக்கு அவர் 'செல்ஃப் ரியலைசேஷன்' என்று போட்டார். அகராதிக்குப் பக்கத்தில் நிற்கும் தீர்வு. இரண்டாவது சொல்லைக் 'கடவுளை முகத்துக்கு முகம் காண்பது' என்று மாற்றினார். பைபிள் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தொடர் உடனே எட்டும். நம் சொல்லின் பாரத்தை அவர்களுடைய வேதத்தின் தோளில் ஏற்றிவிட்டார். மூன்றாவது சொல்லை மாற்றவே இல்லை. 'மோக்ஷ' அப்படியே நிற்கிறது. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு முடிவுகள், மூன்றும் சரியான முடிவுகள். நான் ஒரு பத்திரத்தில் ஒரு சொல்லுக்கு அரை நாள் தடுமாறுகிறவன், அதனால் இதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஏக்கத்தை என்ன செய்தார் தெரியுமா? குஜராத்தியில் இருப்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் இரண்டாக்கினார்: பாடுபடுவது, ஏங்குவது. மூலத்தில் இல்லாத உழைப்பு ஒன்று உள்ளே வந்துவிட்டது. இலக்கண வாத்தியார் இதைத் தவறு என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காந்தியின் ஏக்கம் சும்மா உட்கார்ந்து பெருமூச்சு விடும் ஏக்கம் அல்ல என்பதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் செய்த சேர்க்கை அது. வேறு யார் செய்திருந்தாலும் அத்துமீறல் என்று நானே சொல்லியிருப்பேன்.

தலைப்பிலும் இப்படி ஒரு நகர்வு இருக்கிறது. குஜராத்தியில் 'சத்யனா பிரயோகோ அத்வா ஆத்மகதா', அதாவது சத்தியத்தின் சோதனைகள் அல்லது ஆத்மகதை. ஆங்கிலத்தில் வரிசை மாறித் தன்வரலாறு முன்னே வருகிறது. 'என்' என்ற சொல்லும் 'கதை' என்ற சொல்லும் சோதனைகளோடு ஒட்டிக்கொள்கின்றன. குஜராத்தித் தலைப்பில் சத்தியம்தான் முதலில் நிற்கிறது, 'நான்' கண்ணில் படுவதே இல்லை. இந்த ஒரு இடத்தில் என் மனம் மூலத்தின் பக்கம்தான்.

இதையெல்லாம் எந்த வேகத்தில் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தன்வரலாறு குஜராத்தி வார இதழான 'நவஜீவ'னில் 1925 நவம்பர் 29 அன்று தொடங்கியது. ஆங்கில வடிவம் காந்தியின் ஆங்கில வார இதழான 'யங் இந்தியா'வில் டிசம்பர் 3 அன்று வந்தது. நடுவே நான்கு நாட்கள். இப்படியே 1929 பிப்ரவரி வரை வாரந்தோறும் ஓடியது. இடையில் ரயில் பயணங்கள், கூட்டங்கள், மலைபோல் குவியும் கடிதங்கள். 1928-29இல் பர்தோலி விவசாயிகளின் நிலவரி பற்றிய விசாரணைக் குழு வேலையாக அவர் போயிருந்தபோது மட்டும் ஐந்தாம் பாகத்தின் 29 முதல் 43 வரையான அத்தியாயங்களைக் காந்தியின் இன்னொரு செயலாளரான பியாரேலால் மொழிபெயர்த்தார்.

அந்தப் பகுதிக்குள் நமக்கு நெருக்கமான ஒரு காட்சி வருகிறது. 1919இல் காந்தியும் மகாதேவும் சென்னை வருகிறார்கள். 'தி இந்து' நாளிதழின் கஸ்தூரி ரங்க ஐயங்காருக்குச் சொந்தமான பங்களாவில் தங்கியதால், அவர்தான் தங்களை உபசரிப்பவர் என்று காந்தி நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் ராஜாஜியின் விருந்தினர்கள் அவர்கள். கூச்சத்தால் ராஜாஜி பின்னாலேயே ஒதுங்கி நின்றார். அவரோடு முதலில் நெருங்கிப் பழகியவர் மகாதேவ். இந்த மனிதரோடு நீங்கள் நெருங்கிப் பழக வேண்டும் என்று காந்தியிடம் எடுத்துச் சொன்னவரும் அவரே. தானே ஒரு பாத்திரமாக வரும் இந்த இடத்தை மொழிபெயர்க்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. அமைந்திருந்தால் தன்னைப் பற்றிய வரிகளை எப்படி எழுதியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

இன்னொரு தமிழ்த் தொடர்பும் உண்டு. 1940இல் ஆங்கிலப் பதிப்பைத் திருத்தி வெளியிட்டபோது, மொழி நோக்கில் அதைச் செம்மை செய்து தந்தவர் தன் பெயர் எந்தக் காரணத்தாலும் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டார். மகாதேவ் முன்னுரையில் அவரை மரியாதைக்குரிய நண்பர் என்று மட்டும் குறிப்பிட்டார். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரிதான் அவர். காந்தியின் அரசியலோடு பல இடங்களில் முரண்பட்டவர், அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்துத் தந்திருக்கிறார்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1892 ஜனவரி 1 அன்று சூரத் மாவட்டத்து சரஸ் கிராமத்தில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். பதின்மூன்று வயதில் துர்காபெஹனோடு திருமணம். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தார், பிறகு சட்டம். அரசாங்கத்தின் ஓரியண்டல் டிரான்ஸ்லேட்டர் அலுவலகத்தில் கொஞ்ச காலம், கூட்டுறவு வங்கியில் கொஞ்ச காலம் வேலை. இங்கிலாந்தின் மார்லி பிரபு எழுதிய ஒரு நூலைக் குஜராத்தியில் பெயர்த்து ஃபோர்ப்ஸ் குஜராத்தி இலக்கியச் சபையின் பரிசு பெற்றார். இந்த மார்லி வேலைதான் அவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்த காரணங்களில் ஒன்று.

1915இல் காந்தி தன் ஆசிரமத்தின் விதிகளை எழுதிப் பலரிடம் கருத்துக் கேட்டார். மகாதேவும் அவருடைய நண்பர் நரஹரி பரீக்கும் சேர்ந்து விமர்சனம் எழுதி அனுப்பினார்கள். காந்தி இருவரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசினார். திரும்பி வரும் வழியில் அகமதாபாத்தின் எல்லிஸ் பாலத்தை நெருங்கும்போது, இந்த மனிதரின் காலடியில் போய் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது என மகாதேவ் நண்பரிடம் சொன்னார். அந்தப் பாலத்தை வாரத்தில் மூன்று முறையாவது கடக்கிறேன், அந்தப் பேச்சு நினைவுக்கு வராத நாள் இல்லை. 1917 ஆகஸ்டில் காந்தியே கேட்டார். இரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த இளைஞன் நீதான் என்றார். நவம்பரில் மகாதேவ் போய்ச் சேர்ந்தார்.

அவரும் நரஹரியும் வங்காள மொழி கற்றது தனிக் கதை. கற்றதோடு நிற்காமல் தாகூரின் 'சித்ராங்கதா', 'விதாய் அபிஷாப்', 'பிராசீன் சாகித்யா' ஆகியவற்றை இருவரும் குஜராத்திக்குக் கொண்டுவந்தார்கள். சரத் சந்திரரின் கதைகளையும் 'விராஜ் வஹு' நாவலையும் மகாதேவ் பெயர்த்தார். காந்தியின் தினசரி வேலை ஒருபுறம் இழுத்துக்கொண்டிருக்க, மறுபுறம் ஒரு இலக்கிய வாசகர் உள்ளே உயிரோடு இருந்தார் என்பதற்கு இந்த நூல்களே சாட்சி. 1936இல் நேருவின் தன்வரலாறு ஆங்கிலத்தில் வந்ததும் அதே ஆண்டில் அதைக் குஜராத்தியில் தந்துவிட்டார். காந்தியைக் குஜராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும், நேருவை ஆங்கிலத்திலிருந்து குஜராத்திக்கும் கொண்டுபோனவர் ஒரே ஆள். இருபுறமும் இதே பலத்தோடு நடந்த வேறொரு மொழிபெயர்ப்பாளரை அந்தத் தலைமுறையில் எனக்குக் காட்டுங்கள்.

பத்திரிகையாளராகவும் அவரைச் சொல்ல வேண்டும். 1921இல் அலகாபாதில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' நாளிதழ். மதுரைக்காரர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்த ஜார்ஜ் ஜோசப் ஆசிரியராக இருந்து சிறைக்குப் போன பத்திரிகை அது. அச்சகத்தை அரசாங்கம் முடக்கியதும் மகாதேவ் முழு இதழையும் கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் படியெடுத்து வெளியிட்டார். எழுத்துக்கு அச்சகம் வேண்டாம், ஒரு கையும் ஒரு தாளும் போதும் என்று காட்டிவிட்டார். ஓராண்டுச் சிறை கிடைத்தது.

1927 நவம்பரில் காந்தியோடு இலங்கை போனார். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று சுற்றி வந்து எழுதிய பயண நூலைச் சென்னை திருவல்லிக்கேணியில் எஸ். கணேசன் 1928இல் வெளியிட்டார். ஈழத்து நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம்.

அவர் தன் குரலை முழுதாகத் திறந்துவிட்ட இடம் ஒன்றே ஒன்று என்று நினைக்கிறேன். காந்தியின் குஜராத்தி கீதையான 'அனாசக்தியோக'த்தை 1933-34இல் சிறைக்குள் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதற்கு அவர் எழுதிய முன்னுரை நூறு பக்கங்களுக்கும் மேல். உபநிடதங்கள், பைபிள், குர்ஆன் என்று எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பேசுகிறார். அங்கே நீங்கள் பார்ப்பது செயலாளரை அல்ல, சமஸ்கிருதமும் தத்துவமும் ஆழக் கற்ற ஒரு அறிஞரை. அது புத்தகமாக வந்தது 1946இல், அவர் மறைந்த பிறகு.

காந்தியோடு போகாமல் இருந்திருந்தால் குஜராத்திக்கு ஒரு பெரிய உரைநடை எழுத்தாளர் கிடைத்திருப்பார் என்று இங்கே சில நண்பர்கள் வருந்துவதுண்டு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். காந்தியோடு இருந்த நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்புகளைப் படித்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது. அந்தப் பெரிய உரைநடை அங்கேதான் இருக்கிறது.

1917 நவம்பர் 13இல் தொடங்கிய நாட்குறிப்பு 1942 ஆகஸ்டு வரை நீள்கிறது. ஆகஸ்டு 9 அன்று காந்தியோடு அவரும் கைதாகிப் புனேயில் ஆகா கான் மாளிகையில் அடைக்கப்பட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. 15ஆம் தேதி காலை மாரடைப்பு. வயது ஐம்பது. வார்தாவிலிருந்து சேவாகிராமத்துக்குக் கோடை வெயிலில் நடந்தே போய் வந்த ஆண்டுகள் உடலைத் தின்றிருந்தன. காந்தி அவர் பெயரைச் சொல்லி மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே உடலைக் குளிப்பாட்டினார். மாளிகை வளாகத்திலேயே சமாதி இருக்கிறது, பக்கத்தில் கஸ்தூர்பாவின் சமாதி. மகன் நாராயண் தேசாய் எழுதிய வாழ்க்கை வரலாறு 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதற்கு முன்பே, அகாதெமி முதன்முதலாக விருது வழங்கிய 1955இல், குஜராத்திக்கான விருது மகாதேவின் நாட்குறிப்புக்குத்தான் போனது. அதே ஆண்டு தமிழுக்கு ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்'.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 1932ஆம் ஆண்டின் எரவாடா சிறை நாட்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. காந்தி, வல்லபாய் படேல், மகாதேவ் மூவரும் ஒரே இடத்தில். படேல் பழைய தாள்களைக் கிழித்து ஒட்டிக் கடித உறைகள் செய்துகொண்டே கேலி பேசுகிறார். அந்த வயதில் சமஸ்கிருதப் பாடம் வேறு படிக்கிறார். காந்தி கடிதங்களுக்குப் பதில் சொல்லச் சொல்ல மகாதேவ் எழுதுகிறார். தன்னைப் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு. ஆனால் படேலின் கைகளில் அந்த உறை மடிவதை இவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண் யாருடையது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.