ஒரே கோப்பையில சாப்பிட்டு எச்.ஐ.வி வராது, தம்பி

வெள்ளவத்தை அனெக்ஸில கூடத் தங்கியிருக்கிற கூட்டாளிக்கு எச்.ஐ.வி எண்டு அவரே சொன்னதிலிருந்து, ஒரே கோப்பையில சாப்பிட்டதை நினைச்சு நித்திரை இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அந்தப் பயத்தை விடுங்கோ. எச்சில், வியர்வை, நுளம்பு, ஒரே கக்கூஸ், ஒண்டாலையும் தொத்தாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு, இப்படித்தான் பரவும். ரத்தம் படக்கூடிய ரேசரை மட்டும் ஆளுக்கொண்டா வையுங்கோ.

ஒரே கோப்பையில சாப்பிட்டால் தொத்தும் எண்டு வாட்ஸ்அப்பில வந்த குரல்பதிவை நம்பினது உங்கட பிழையில்லை. எங்கட வகுப்பிலயும் இனப்பெருக்கப் பாடம் வந்தோடனை சேர் "வீட்டில வாசியுங்கோ" எண்டு பக்கத்தைத் திருப்பினவர். பிறகு கூட்டாளிமாரைக் கேட்டம், அவங்களுக்கும் தெரியாது.

எனக்கு முக்கியமாப் பட்டது உங்கட கடைசி வரி: போன வருசம் ஒருக்கா ஆணுறை இல்லாமல். அதுக்குக் கட்டாயம் சோதியுங்கோ. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்ர கிளினிக் இருக்கு. காசில்லை, விசயம் வெளியில போகாது. மூண்டு மாசம் தாண்டினபடியால் வாற முடிவை நம்பலாம். இனி அப்படி ஏதும் நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள்ள போகவேணும். 28 நாள் குடிக்கிற தடுப்பு மருந்து இருக்கு.

உங்கட கூட்டாளி ஒழுங்கா மருந்தெடுத்து, ரத்தத்தில வைரஸ் கண்டுபிடிக்கேலாத அளவுக்குக் குறைஞ்சால், உடலுறவாலகூட அவரிட்ட இருந்து பரவாது. உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறார், வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. இண்டைக்கு இரவு முந்தி மாதிரி அவரையும் கூப்பிட்டு ஒண்டா இருந்து சாப்பிடுங்கோ.