எக்ஸல் சொல்வர் காட்டுற 400 ரூபாவைப் பாத்து ஆள் எடுக்கலாமா?

வெள்ளவத்தையில வீட்டில ரோல்ஸும் பணிஸும் செஞ்சு கடையளுக்குக் குடுக்கிற ஒரு அக்கா கேட்டிருக்கிறா. நாளுக்கு 20 கிலோ மா, வீட்டாக்கள் சேர்ந்து 16 மணித்தியால வேலை. ரோல்ஸ் ஒரு ட்ரேக்கு 1 கிலோ மா, 2 மணித்தியாலம், மா காசு கழிச்சு லாபம் 1400. பணிஸ் ட்ரேக்கு 2 கிலோ, 1 மணித்தியாலம், 1600. எக்ஸலில இருக்கிற சொல்வர் (கட்டுப்பாடுகளுக்குள்ள கூடின லாபத்தைத் தேடித் தாற கருவி) ரோல்ஸ் 4 ட்ரே, பணிஸ் 8 ட்ரே, லாபம் 18,400 எண்டு சொல்லிப்போட்டு ஷேடோ பிரைஸ், அதாவது ஒரு கிலோவோ ஒரு மணித்தியாலமோ கூடக் கிடைச்சா லாபம் எவ்வளவு கூடும் எண்டது, மாவுக்கு 600, மணித்தியாலத்துக்கு 400 எண்டு காட்டுதாம். மணித்தியாலத்துக்கு 450 கேக்கிற ஆளை எடுக்கலாமா?

அக்கா, ஒருத்தர் வந்து உங்கட மாவையும் வேலை நேரத்தையும் அப்பிடியே விலைக்குக் கேக்கிறார் எண்டு வையுங்கோ, அவர் குறைஞ்ச காசில முடிக்கத்தான் பாப்பார், ஆனா ஒரு ட்ரேயில வாற லாபத்தை விடக் குறைச்சுக் கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்கள்தானே. ரோல்ஸ் ட்ரேக்கு 600 + 800 = 1400, பணிஸுக்கு 1200 + 400 = 1600, சரியா வருது. மொத்தமா மாவுக்கு 12,000, வேலைக்கு 6,400, கூட்டினா அதே 18,400! இதுதான் டியூவல், உங்கட லாபக் கணக்கோட சோடியா வாற மறுபக்கக் கணக்கு. 1947ல, இந்த மாதிரிக் கணக்குகளுக்கு வழி கண்டுபிடிச்ச டான்ட்சிக் தன்ர கணக்கைக் கொண்டுபோய்க் காட்டேக்க இந்தச் சோடியை எடுத்துச் சொன்னது கணித மேதை வான் நாய்மன்.

அப்ப இண்டைக்கு இருக்கிற நிலைமையில ஆள் வேணாம், 400 வாற இடத்தில 450 குடுக்கேலாது. ஆனா மாவைப் பாருங்கோ, 600 எண்டது மாவின்ர விலை இல்ல, வழமையான விலைக்கு மேல நீங்க குடுக்கக்கூடிய காசு. வேற கடையில கிலோவுக்கு 60 ரூபா கூட எண்டாலும் யோசிக்காம வாங்குங்கோ.

இதில கனபேர் பிழை விடுற இடம், ஷேடோ பிரைஸ் எப்பவும் அப்பிடியே நிக்கும் எண்டு நினைக்கிறது. சொல்வர் தாற ரிப்போர்ட்டில மாவுக்கு அலவபிள் இன்கிரீஸ் 12 எண்டு இருக்கும், அதாவது இன்னும் 12 கிலோ வரைக்கும்தான் அந்த 600 நிக்கும். 32 கிலோ வந்தா எல்லாமே பணிஸ், 16 ட்ரே, 25,600. அதுக்கு மேல மாவின்ர ஷேடோ பிரைஸ் 0, மணித்தியாலத்துக்கு 1600! அப்ப அந்த 450 ரூபா ஆளை விடவே கூடாது. அதால முதல்ல மா, பிறகுதான் ஆள்.

கடையள் 16 ட்ரே பணிஸ் எடுக்குமோ எண்டும் கேளுங்கோ. 10தான் எண்டா அதையும் ஒரு கட்டுப்பாடாப் போட்டு திரும்ப ஓட்டுங்கோ. ரோல்ஸ் 3, பணிஸ் 10, மா 23 கிலோ போதும், அதுக்கு மேலயும் மா இருந்தா மணித்தியாலத்துக்கு 700 வரும், அப்பவும் ஆள் எடுக்கலாம்.