பியூட்டி பார்லரில் ஆஃபர் விலையை எப்படி முடிவு செய்வது?

ஆஃபர் என்றால் உங்கள் லாபத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது. ஃபேஷியலுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறீர்கள். கிரீம், கமிஷன், டவல் சலவை என ஓர் ஆளுக்கு 600 செலவு என்று வையுங்கள். 20% தள்ளுபடி தந்தால் 400 ரூபாய் லாபத்தில் பாதி போய்விடும். பழைய லாபத்துக்கு இரண்டு மடங்கு ஆட்கள் வரவேண்டும். வருவார்களா?

காய்கறிக்காரர் தக்காளி விலையைக் குறைக்காமல் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவாரே, அதுதான் சூட்சுமம். ஃபேஷியலோடு த்ரெடிங் இலவசம் என்றால் உங்களுக்குப் போவது கொஞ்சம் நூலும் பத்து நிமிஷமும்தான். முகூர்த்த நாட்களில் அதுவும் வேண்டாம். நாற்காலி காலியாகக் கிடக்கும் ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜவுளிக்கடையைப் பார்த்து நாமும் 50% போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் தேங்கிய சரக்கைக் கழிக்கிறார்கள், நீங்கள் விற்பது நேரம், அதில் பழைய ஸ்டாக் கிடையாது.