ஃபோனைப் பிடுங்கிட்டு என்னத்தைக் கொடுக்கிறதுங்க? – கேள்வி பதில்

கோபிப் பக்கம் பாலர் வகுப்பு நடத்துகிறேன். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிக் கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூர் அம்மா: ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறோம். நாலு வயசுப் பொண்ணு. பொம்மை வாங்கிக் கட்டுபடியாகலைங்க.

வாங்கவே வேண்டாம். உங்க ஊர் பனியன் கம்பெனிகளில் கிடைக்காத கட்டிங் வேஸ்ட்டா? ஒரு பை கேட்டு வாங்குங்க. பனியன் துணியை விரல் அகலத்துக்கு நறுக்கி இரண்டு நுனியையும் இழுத்தால், ஓரம் சுருண்டு கயிறாகிவிடும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பை முழுவதையும் இழுத்துத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நூல் தீர்ந்த காகிதக் கோன் கிடைத்தாலும் விடாதீங்க. அடுக்கினால் கோபுரம், வாயில் வைத்தால் மைக், தலைகீழாகப் பிடித்தால் ஐஸ்கிரீம். ஆனால் இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீங்க. கொட்டிவிட்டு உங்க வேலையைப் பாருங்க. இடம் மாற்றி, சேர்த்து, பிரிக்கக்கூடிய உதிரிப் பொருள்கள் எத்தனை வகை இருக்கிறதோ அந்த அளவுக்குப் பிள்ளையின் கற்பனைக்கு வேலை என்று சைமன் நிக்கல்சன் என்கிற பிரிட்டிஷ் கலைஞர் 1971லேயே எழுதிவிட்டார். கயிறு மட்டும் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள்.

பெருந்துறை அப்பா: ரெண்டு வயசுப் பையன். எவ்வளவு நேரம் ஃபோன் காட்டலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதில் வேண்டவே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது.

அந்தியூர் அம்மா: பாட்டுப் பாடுற பொம்மை?

உள்ளே பட்டன் பேட்டரி இருந்தால், மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பாருங்க. விழுங்கித் தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பொள்ளாச்சி அப்புச்சி: தோப்பு வீடு. லீவுக்கு வந்த பேரன் "போரடிக்குது"ன்னே உயிரை வாங்குறான்.

கொஞ்ச நேரம் போரடிக்கட்டுமுங்க, ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு தென்னங்கீற்றை ஈர்க்கு நீக்கிச் சுருட்டி, பீப்பி செய்து ஊதிக் காட்டுங்க. அடுத்ததை அவனே சுருட்டட்டும். கோணலாக வந்தால் திருத்தாதீங்க.

ஈரோடு அம்மா: மூணு வயசு. எவ்வளவு நேரம் ஃபோன்…

பெருந்துறைக்காரருக்குச் சொன்னதுதான்.

சேலம் அப்பா: மூணு வயசாகியும் பேச்சு வரலை. ஃபோன்தான் காரணமா?

இதை என்னிடம் கேட்காதீங்க. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க. காதையும் சோதிக்கச் சொல்லுங்க.

காங்கேயம் அம்மிச்சி: பல்லாங்குழியை விட்டுட்டீங்களே?

தெரிந்துதான் விட்டேனுங்க. 14 குழி, அள்ளிப் போட்டு எண்ணுகிற ஆட்டம். கணக்குக்கு அருமை. ஆனால் விதி முன்னாலேயே இருக்கிறது, பிள்ளை புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை.

அதே அம்மிச்சி: எம் பேத்திகளுக்குக் குழியெல்லாம் மாட்டுச் சந்தை, சோழியெல்லாம் காளைக்கன்னு. வெலை பேசி அடிச்சுக்கிறாளுங்க!

அட, நான் கேட்பதே அதைத்தானுங்க! "அப்படி ஆடக் கூடாது கண்ணு" என்று நீங்க குறுக்கே போகாமல் இருந்தீங்களே, அதில்தான் சந்தை கூடியது.

தாராபுரம் அப்பா: இப்படி விட்டா முறையான ஆட்டமே அழிஞ்சு போயிடும்.

ஏழு வயதில் நீங்களே உட்கார்ந்து ஆடிச் சொல்லிக்கொடுங்க. நாலு வயதில் முறை பேசினால் பலகையைத் தள்ளிவிட்டு ஃபோனைத்தான் தேடுவாள்.

அம்மிச்சி: நாங்க ஆடுனப்பவே தெருவுக்கு ஒரு விதி. இதுல எந்த முறையைத் தம்பி காப்பாத்தப் போறாரு?

தாராபுரத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று: மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை கையில் சோழியோ புளியங்கொட்டையோ வேண்டாம், மூக்கில் போகும். பட்டன் பேட்டரியும்தான்.

தாராபுரம் அப்பா: எங்க ஆத்தா ஆடுன முறை!

அம்மிச்சி: அப்ப உங்காத்தாளையே கூட்டிட்டு வாங்க, ஒரு கை பார்க்கிறேன்.

நாமக்கல் அம்மா: ரெண்டரை வயசுங்க. எவ்வளவு நேரம்…

பெருந்துறை.