ஆசிரியர் குழுவில் பெண்கள் இருக்கிறார்களே, இன்னும் என்ன குறை?

"ஆராய்ச்சி இதழ்களின் ஆசிரியர் குழுவில்தான் இப்போது பெண்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றனவே, இன்னும் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கும் முதன்மை ஆசிரியரின் பெயரைப் பாருங்கள், குறை அங்கேதான் இருக்கிறது.

குழுவில் நாற்பது பேர் இருப்பார்கள். பலருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று கட்டுரைகளை மதிப்பிட்டுத் தருவதோடு வேலை முடிந்தது. வந்த கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்புவதா, படித்த கையோடு திருப்பிவிடுவதா, இரு மதிப்பீட்டாளர்கள் முரண்பட்டால் யார் பேச்சைக் கேட்பது, சிறப்பிதழை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் முதன்மை ஆசிரியர் கையில். 2023-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 15 துறைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள், ஐம்பது ஆண்டுக் கணக்கு. கட்டுரை எழுதியவர்களில் பெண்கள் 26 சதவீதம், ஆசிரியர் குழுக்களில் 14, முதன்மை ஆசிரியர்களில் வெறும் 8. முன்னணி மருத்துவ இதழ்களை மட்டும் எடுத்த 2021 ஆய்வில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை: 444 முதன்மை ஆசிரியர்களில் 94 பேர் பெண்கள். ஆனால் கண் மருத்துவத்திலும் மனநல மருத்துவத்திலும் ஒருவர்கூட இல்லை. மனநல மருத்துவத்தில் பெண்களுக்கா பஞ்சம்?

காரணம் என்னவென்று கேட்டால், அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கும் விதம்தான் என்பேன். பல இதழ்களில் அதற்கு விளம்பரம் கிடையாது. நான் ஒரு சமூக அறிவியல் இதழுக்கு ஒன்பது ஆண்டுகள் கட்டுரைகளை மதிப்பிட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்குமேல் உட்கார்ந்து செய்த வேலை. (நினைவூட்டல் கடிதங்கள் கடைசிவரை 'அன்புள்ள ஐயா' என்றே வந்தன.) ஒருநாள் மின்னஞ்சலின் அடியில் முதன்மை ஆசிரியரின் பெயர் மாறியிருந்தது. பழையவர் ஓய்வு பெறும்போது தம் மாணவரைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வந்தவர் திறமைசாலிதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இடம் காலியாகிறது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

'நேச்சர்' அறிவியல் இதழ் 1869-இல் தொடங்கியது. அதன் முதன்மைப் பொறுப்புக்கு ஒரு பெண் வர 2018 ஆயிற்று. மக்டலீனா ஸ்கிப்பர் என்ற மரபியலாளர். 149 ஆண்டுகள் என்று பெருமூச்சு விடலாம். நான் கவனிப்பது வேறு. அங்கே பதிப்பாசிரியர் என்பது முழுநேரச் சம்பள வேலை. அவர் அதே நிறுவனத்தின் வேறு இதழ்களில் பணியாற்றிப் படிப்படியாக மேலே வந்தவர்.

ஆள் எடுக்கும் விதம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 'அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயின்ஸ் ரிவியூ' என்ற அரசியல் அறிவியல் இதழ் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 1906 முதல் வரும் அந்த இதழுக்கு, அதை நடத்தும் சங்கம் வெளிப்படையாக விண்ணப்பம் கேட்டுத்தான் ஆசிரியர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. 2020-இல் பொறுப்பேற்ற குழுவில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் பெண்கள்.

சம்பள வேலையாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1823-இல் தொடங்கிய 'தி லான்செட்' மருத்துவ இதழ் 2019-இல் அறிவியலிலும் மருத்துவத்திலும் பெண்களின் நிலை பற்றி ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. நல்ல இதழ், படித்தேன். ஆனால் அதன் இருநூறாவது ஆண்டு வந்தபோதும் முதன்மை ஆசிரியர் நாற்காலியில் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு: நேரம். பெரும்பாலான கல்வி இதழ்களில் இது ஊதியமில்லாத, அல்லது பெயரளவு ஊதியமுள்ள வேலை. போன ஆண்டு வேறோர் இதழ் என்னை இணை ஆசிரியராக அழைத்தது. உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மாதம் எத்தனை கட்டுரைகள் வரும் என்று அவர்களிடம் எழுதிக் கேட்டேன். பத்து, பன்னிரண்டு என்றார்கள். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். இரண்டு வாரம் இழுத்தடித்து, வாரத்துக்கு மூன்று வகுப்புகள் குறைத்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் சம்மதம் என்று பதில் எழுதினேன்.