சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா): பூட்டை மாற்றிவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர்

தங்கச்சி, வாடகை பாக்கியே இருந்தாலும், நீதிமன்ற உத்தரவில்லாமல் உங்களையும் அம்மாவையும் அவர் வெளியேற்ற முடியாது. சட்டவிரோதமாக வெளியேற்றுவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டப்படி அது குற்றம். 2 ஆண்டு வரை சிறை. பூட்டிவிட்டால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

உங்களை வெளியேற்ற அவர் வழக்குப் போட்டால், விசாரணைக்கு 14 நாள் முன்பாவது உங்களுக்கும் மாநகராட்சிக்கும் அறிவிப்பு வர வேண்டும். அன்று தவறாமல் போங்கள். போகாவிட்டால் அவர் சொல்வது மட்டுமே நீதிபதி காதில் விழும். அம்மாவின் வயது, மருந்துச் சீட்டு, வருமானம், போக வேறு இடமில்லை என்பது, எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். காவல் நிலையத்திலேயே கையொப்பமிடலாம். தனியார் வீடு என்று சொல்லி, தற்காலிகத் தங்குமிடம் தராமல் மாநகராட்சி கைவிரிக்க முடியாது: அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2011 புளூ மூன்லைட் தீர்ப்பு இருக்கிறது. சட்ட உதவிக்கு 0800 110 110, கட்டணமில்லை. இன்றே கூப்பிடுங்கள்.